இரண்டு நிரல்களுக்குள் அடங்காத போர்கள்: விவாதப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

அரையிறுதிக்கும் இறுதிக்கும் பொதுவாக நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பு, "ஐக்கிய அமெரிக்கா தான் நடத்திய போர்களில் வென்றவற்றை விடத் தோற்றவையே அதிகம்" என்பது. தலைப்பில் எனக்குக் குறையில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இப்படியான ஒன்றைப் பற்றித் தேடி வாசித்துப் பேசுவது நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் தலைப்போடு சேர்த்து நீங்கள் பாடசாலைகளுக்கு அனுப்பிய ஒரு பக்கப் பட்டியலையும், அந்தப் பட்டியலோடு உடன்படாத மாணவி ஒருவரின் புள்ளித்தாளில் நீங்கள் எழுதியதையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பட்டியலில் இரண்டு நிரல்கள். வெற்றி என்ற நிரலின் கீழ் இரண்டாம் உலகப் போர், கொரியா, கிரெனடா, பனாமா, 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போர், 2003 ஆம் ஆண்டு ஈராக் போர். தோல்வி என்ற நிரலின் கீழ் வியட்நாம், சோமாலியா, ஆப்கானிஸ்தான். கீழே தடித்த எழுத்தில், இந்த வகைப்படுத்தல் இறுதியானது என்றும் இதை மறுக்கும் வாதங்கள் தலைப்புக்குப் புறம்பானவையாகக் கருதப்படும் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இடப்புறம் ஆறு, வலப்புறம் மூன்று. இந்தக் கணக்கு இறுதியானது என்றால், தலைப்பை ஒட்டிப் பேசும் அணி மேடையேறும் முன்பே தோற்றுவிட்டது. நடுவர்கள் ஒரு கூட்டலைச் சரிபார்த்துவிட்டு வீடு போகலாம். எது வெற்றி, எது தோல்வி, அதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்பதுதான் இந்தத் தலைப்பில் விவாதிக்கத்தக்க ஒரே விடயம். அதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

அரையிறுதியில் தலைப்பை வெட்டிப் பேசிய அணியின் தலைவி, நான் மாலை வேளைகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவர். கொரியப் போர் வெற்றி நிரலில் இருப்பதை ஏற்க முடியாது என்றும், அதற்காக அதைத் தோல்வி நிரலுக்குத் தள்ளவும் தான் வரவில்லை என்றும் அவர் சொன்னார். தன் அணிக்குச் சாதகமாக நீங்களே கொடுத்திருந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை நடுவர்கள் கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் கையில் இருந்தது கொப்பியிலிருந்து கிழித்த ஓர் ஒற்றை. அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு மூன்று நிரல்கள் வரைந்திருந்தார்: எதற்காகத் தொடங்கினார்கள், எந்தத் திகதியில் நிறுத்திப் பார்க்கிறோம், முடிவில் யார் கையெழுத்திட்டார்கள். பொறுப்பாசிரியரிடம் திரும்பி வந்த புள்ளித்தாளில் அவரது பேச்சுக்கு நேரே சிவப்பு மையில் "தலைப்புக்குப் புறம்பு" என்று எழுதிப் புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன. அந்த வேறுபாட்டிலேயே அவரது அணி போட்டியை விட்டு வெளியேறியது.

கொரியாவையே எடுத்துக்கொள்வோம். 1950 யூன் 25 இல் வடகொரியப் படைகள் இரு கொரியாக்களையும் பிரித்த 38 ஆம் அகலக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியபோது, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை உறுப்பு நாடுகளிடம் கேட்டது, அந்தத் தாக்குதலை முறியடித்து அப்பிரதேசத்தில் அமைதியை மீட்பதற்கு உதவும்படிதான். செப்டெம்பர் 15 இல் ஜெனரல் மக்ஆதரின் படைகள் இஞ்சோனில் தரையிறங்கி, அந்த மாதம் முடிவதற்குள் சியோலை மீட்டுவிட்டன. அன்றைக்குக் கணக்கை மூடியிருந்தால் அமெரிக்கா ஐயத்துக்கிடமின்றி வென்றது. மூடவில்லை. கொரியா முழுவதையும் ஒன்றாக்கிவிடலாம் என்று நோக்கம் பெருத்தது. ஒக்டோபரில் அகலக்கோட்டைக் கடந்து பியொங்யாங்கைப் பிடித்தார்கள். சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடந்து வந்து இறங்க, 1951 சனவரியில் சியோல் மறுபடியும் பறிபோய், மார்ச்சில் மறுபடியும் மீட்கப்பட்டது. அந்த ஆண்டு யூலையில் தொடங்கிய பேச்சுவார்த்தை, போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் பிணக்கில் இரண்டு ஆண்டுகள் இழுபட்டு, 1953 யூலை 27 இல் பன்முன்ஜொமில் ஒரு போர்நிறுத்த உடன்படிக்கையாக முடிந்தது. அதற்குள் 36,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், பல இலட்சம் கொரியரும் சீனரும் இறந்துவிட்டார்கள். கோடு ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நின்றது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை எழுதப்படவில்லை. யூலை 27 ஐ வடகொரியா வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது. சீனாவும் தானே வென்றதாகச் சொல்கிறது. தென்கொரியாவின் இன்றைய செழிப்பைக் காட்டி அமெரிக்கர் பலர் தாம் வென்றதாகச் சொல்கிறார்கள். என் கணிப்பைக் கேட்டால், முதல் நோக்கத்தில் வென்று இரண்டாவது நோக்கத்தில் தோற்ற போர் அது என்பேன். நீங்கள் வேறாகக் கணிக்கலாம். ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை இதை மேடையில் எடுத்துச் சொன்னால், அது தலைப்புக்குப் புறம்பானதாக எப்படி ஆகும்? சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டிக்கு வடக்கின் பெருஞ்சமர் என்று பெயர் வைத்த ஊர் நாங்கள். அந்தச் சமரில்கூட வெற்றிதோல்வியற்ற முடிவு என்று ஒன்று உண்டு. உங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எவற்றைப் போர் என்று எண்ணுவது என்பதையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அமெரிக்க அரசியலமைப்பின்படி போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. காங்கிரஸ் அவ்வாறு முறைப்படி பிரகடனம் செய்தது ஐந்து போர்களில் மட்டுமே: 1812 இல் பிரித்தானியாவோடு, 1846 இல் மெக்சிக்கோவோடு, 1898 இல் ஸ்பெயினோடு, பின்னர் இரண்டு உலகப் போர்களில். கடைசிப் பிரகடனம் 1942 யூனில். இந்த அளவுகோலை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால், கொரியாவும் வியட்நாமும் ஈராக்கும் கணக்கிலேயே வராமல் போகும். அமெரிக்கா எந்தப் போரிலும் தோற்கவில்லை என்று வாதாடலாம். அந்த ஐந்திலும் 1812 ஆம் ஆண்டுப் போர் சிக்கலானது. 1814 ஓகஸ்டில் பிரித்தானியப் படை வொஷிங்டனுக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகைக்குத் தீ வைத்தது; டிசம்பர் 24 இல் கெண்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை எல்லைகளைப் பழையபடியே விட்டது; அந்தச் செய்தி கடல் கடந்து வந்து சேர்வதற்கு முன், 1815 சனவரி 8 இல் நியூ ஓர்லியன்சில் அமெரிக்கருக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. போரையே வென்ற நினைவு அந்தச் சண்டையிலிருந்துதான் வளர்ந்தது. மறுபுறம், பிலிப்பைன்ஸ் உங்கள் பட்டியலில் எங்கே? 1898 இல் ஸ்பெயினுக்கு 2 கோடி டொலர் கொடுத்து அந்தத் தீவுகளை எடுத்துக்கொண்டு, தங்கள் நாட்டைத் தாங்களே ஆள விரும்பிய பிலிப்பினோக்களோடு 1899 முதல் அமெரிக்கா போரிட்டது, வென்றது. அதைப் பெருமையோடு வெற்றி நிரலில் எழுத அமெரிக்கரிலேயே பலர் இன்று தயங்குவார்கள். கிரெனடாவையும் பனாமாவையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வல்லரசு மிகச் சிறிய நாடொன்றுக்குள் இறங்கிச் சில வாரங்களுக்குள் காரியத்தை முடித்துக்கொண்டது. ஆனால் உங்கள் பட்டியலில் கிரெனடாவுக்கும் ஒன்று, 1945 செப்டெம்பர் 2 இல் தோக்கியோ விரிகுடாவில் முடிந்த உலகப் போருக்கும் ஒன்று.

ஈராக்கை வெற்றி நிரலில் கண்டபோதுதான் உங்கள் அளவுகோல் எனக்கு விளங்கியது. தலைநகரைப் பிடித்தால் வெற்றி. 2003 மார்ச் 20 இல் தொடங்கிய படையெடுப்பில் ஏப்ரல் 9 இல் பக்தாத் வீழ்ந்தது. மே 1 இல் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில், பணி நிறைவேறியது என்ற பதாகையின் கீழ் நின்று, பெரும் போர் நடவடிக்கைகள் முடிவடைந்ததாக அறிவித்தார். அந்தப் போரில் இறந்த ஏறத்தாழ 4,500 அமெரிக்கப் படையினரில் மிகப் பெரும்பாலானோர் அந்த உரைக்குப் பின்னர்தான் இறந்தார்கள். எதைச் சொல்லிப் போரைத் தொடங்கினார்களோ, அந்தப் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. 2011 டிசம்பரில் படை வெளியேறியது. 2014 யூனில் மோசுல் நகரம் இஸ்லாமிய அரசு என்ற அமைப்பிடம் விழ, அதே ஆண்டில் அமெரிக்கா மறுபடியும் ஈராக்கில் குண்டு போட வேண்டி வந்தது. இதோடு ஒப்பிட, 1991 ஆம் ஆண்டுப் போரை வெற்றி என்று சொல்வதில் நியாயம் உண்டு. குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றுவது என்ற ஒரே நோக்கத்தோடு இறங்கி, 100 மணி நேரத் தரைப்போரில் அதை முடித்து, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானிலும் தலைநகர் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், 2001 நவம்பர் 13 இல் பிடிபட்டது. அதே தலைநகர் 2021 ஓகஸ்ட் 15 இல் திரும்பிப் போனது. பக்தாத்துக்கு ஒரு திகதியிலும் காபூலுக்கு இன்னொரு திகதியிலும் கணக்கை மூடிவிட்டு, இரண்டையும் எதிரெதிர் நிரல்களில் எழுதியிருக்கிறீர்கள்.

நகரத்தைப் பிடிப்பது வேறு, போரை வெல்வது வேறு என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் நகரை நோக்கி முன்னேறியபோது, ஆயிரக்கணக்கான சனங்களோடு நானும் என் பெற்றோரும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்தோம். வெளிவீதியில் கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த முதியவர் ஒருவர், றேடியோவின் பற்றறிகளைப் பகல் முழுவதும் வெயிலில் காயவைத்து, செய்தி நேரத்துக்கு மட்டும் அதைத் திறப்பார். யாழ்ப்பாணம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது என்ற செய்தியை அந்தப் பெட்டியில்தான் கேட்டோம். "பிடிச்சாச்சு, சரி. இனி என்ன செய்யப் போறாங்களாம்?" என்று அவர் பொதுவாகக் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலேறிப் போகும் வரை டெல்லியிடமிருந்தும் பதில் வரவில்லை. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் மாண்டிருந்தார்கள், எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு இழவு விழுந்திருந்தது. 1995 டிசம்பரில் இதே நகரம் இலங்கை இராணுவத்திடம் வீழ்ந்தபோது கொழும்பில் விழா எடுத்தார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். பக்தாத்துக்கு நீங்கள் வைத்த அளவுகோலை 1987 இன் யாழ்ப்பாணத்துக்கு வைத்தால், இந்தியாவை வெற்றி நிரலில் எழுத வேண்டி வரும். அதை எழுத உங்களில் எவருக்காவது கை வருமா?

உள்ளூர்ப் போரைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது என்று போட்டிக்கு முன் வாய்மொழியாக அறிவுறுத்தினீர்கள். மண்டப அனுமதி, அனுசரணையாளர், மேலதிகாரி என்று உங்களுக்கும் பல கரைச்சல்கள் இருக்கும். அது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் அந்த மாணவி உள்ளூர் அரசியல் பேசவில்லை. தன் மூன்றாவது நிரலுக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே 1987 யூலை 29 ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைச் சொன்னார். அதில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும், யாருடைய பிரச்சினைக்காக அது எழுதப்பட்டதோ அவர்களுடைய கையெழுத்து அதில் இல்லை. பன்முன்ஜொமில் தென்கொரிய அரசு கையெழுத்திடவில்லை. 1973 சனவரியில் பாரிசில் தென்வியட்நாமின் சைகோன் அரசு கையெழுத்திட்டாலும், வடவியட்நாமியப் படைகளைத் தெற்கில் இருந்தபடியே விடுவதை ஜனாதிபதி தியூ கடைசிவரை எதிர்த்து, வொஷிங்டனின் நெருக்குதலால்தான் இணங்கினார். 2020 பெப்ரவரி 29 இல் டோகாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்திட்டபோது காபூல் அரசு மேசையிலேயே இல்லை. யாரைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிப் படை போனதோ, அவர்களைக் கேளாமல் எழுதப்பட்ட முடிவுகள் எவ்வளவு காலம் நிலைத்தன என்பது, வெற்றி தோல்வியை அளக்க அவர் கண்டுபிடித்த ஓர் அளவுகோல். சைகோன் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடித்தது. காபூல் ஒன்றரை ஆண்டு. ஆனால் கொரியாவின் போர்நிறுத்தம் இன்றும் நிற்கிறது. அந்தக் கடைசி எடுத்துக்காட்டு தன் வாதத்துக்கு எதிரானது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டு, ஏன் என்று விளக்கத் தொடங்கியபோதுதான் மணி அடித்தது. நான் அந்த விளக்கத்தைக் கேட்க ஆசைப்பட்டேன். நடுவர்கள் சிவப்புப் பேனாவை எடுத்தார்கள்.

வியட்நாம் தோற்ற போர் என்பதில் எனக்கு உங்களோடு பிணக்கில்லை. பொதுவுடைமையாளர் கைக்குப் போகாத ஒரு தென்வியட்நாமைக் காப்பது என்ற நோக்கம் 1975 ஏப்ரல் 30 இல் மண்ணோடு மண்ணானது. ஆனால் அங்கேயும் பிள்ளைகள் பேச நிறைய இருந்தது. 1968 ஆம் ஆண்டு வியட்நாமியப் புத்தாண்டையொட்டி வடக்குத் தரப்பு தொடுத்த டெட் தாக்குதலில் களத்தில் பெருமளவு இழந்தது வடக்கும் தெற்கின் விடுதலை முன்னணியும். ஆனால் மார்ச் 31 இல் தொலைக்காட்சியில் தோன்றித் தான் மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று சொன்னவர் ஜனாதிபதி ஜோன்சன். 1975 ஏப்ரலில் ஹனோய்க்குப் போயிருந்த அமெரிக்கக் கேணல் ஹரி சமர்ஸ், நீங்கள் எங்களைப் போர்க்களத்தில் ஒருபோதும் தோற்கடிக்கவில்லை என்று ஒரு வடவியட்நாமியக் கேணலிடம் சொல்ல, அவர், அப்படி இருக்கலாம், ஆனால் அது இதற்குச் சம்பந்தமற்றது என்று பதில் சொன்னாராம். அமெரிக்க இராணுவ அதிகாரி ஒருவரே எழுதி வைத்த உரையாடல் இது. இதை அறிந்த பிள்ளை ஒன்று மேடையில் சொல்லியிருந்தால் அதற்கும் சிவப்பு மைதான் விழுந்திருக்குமோ என்னவோ.

இனி, என்னை மிகவும் வருத்திய ஒன்று. தலைப்பை ஒட்டிப் பேசிய ஓர் அணியின் மாணவன், வியட்நாமில் 58,000 அமெரிக்கரைப் பிணமாக அனுப்பி வைத்தார்கள் என்று குரலை உயர்த்தியபோது மண்டபம் கைதட்டியது. நடுவர் ஒருவரும் சிரித்தார். 58,000 க்கும் மேற்பட்ட பெயர்கள் வொஷிங்டனில் கருங்கல்லில் வெட்டப்பட்டிருப்பது உண்மை. 1995 இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணிப்பில், வென்ற அந்த நாட்டின் பக்கம் இறந்த போராளிகள் 11 இலட்சம், இரு பகுதிகளிலும் இறந்த பொதுமக்கள் 20 இலட்சம். அந்த எண்ணிக்கையை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல உங்கள் நிரல்களில் இடமுமில்லை. லாவோஸ் உங்கள் பட்டியலிலேயே இல்லை. 1964 முதல் 1973 வரை, போர் என்று அறிவிக்காமலே, 20 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட குண்டுகள் அந்தச் சிறிய நாட்டின் மீது போடப்பட்டன. வெடிக்காமல் கிடந்த கொத்துக்குண்டுகள் அதன்பின் பல பத்தாண்டுகளாக வயலில் மண்வெட்டி போட்டவர்களையும், உருண்டையாக ஏதோ கிடக்கிறதென்று எடுத்துப் பார்த்த பிள்ளைகளையும் கொன்றிருக்கின்றன. முகமாலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மண்டையோடு வரைந்த சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் கைதட்டப் பழக்குகிறோம்.

நடுவர்களுக்குப் பொதுவான ஓர் அடிப்படை வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கதை சொல்லும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயம்தான். அந்த அடிப்படை தகவல்களாக இருக்கட்டும். தீர்ப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

ஆகவே இறுதிச் சுற்றுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை என்று நான் கேட்பவை இவை. அந்த இரண்டு நிரல் பட்டியலையும் அதன் கீழுள்ள குறிப்பையும் எழுத்து மூலம் மீளப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு போருக்கும் தொடங்கிய திகதி, வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நோக்கம், உடன்படிக்கை இருந்தால் அதில் கையெழுத்திட்டவர்கள், இரு தரப்பினதும் பொதுமக்களினதும் இழப்புகள் ஆகியவற்றை மட்டும் கொண்ட தகவல்தாள் ஒன்றை எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். தயாரிப்பதில் என் உதவி தேவையென்றால் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். தாம் வெற்றி என்று எதைக் கொள்கிறோம் என்பதை இரு அணிகளும் தொடக்கத்திலேயே வரையறுக்க வேண்டும் என்றும், அந்த வரையறையை எதிரணி மறுக்கலாம் என்றும் விதியில் சேருங்கள். அதற்குப் புள்ளியும் ஒதுக்குங்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கேலியாகவோ கொண்டாட்டமாகவோ பயன்படுத்தும் பேச்சுக்குப் புள்ளி குறைக்கப்படும் என்று அறிவியுங்கள். ஒப்பீட்டுக்காக இந்த மண்ணின் அனுபவத்தைச் சான்றோடும் நிதானத்தோடும் சொல்வதைத் தடுக்கும் வாய்மொழி அறிவுறுத்தலைக் கைவிடுங்கள். கைவிட முடியாதென்றால் அதை எழுத்தில், காரணத்தோடு தாருங்கள்.

அரையிறுதி முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை. வென்ற அணியின் பிள்ளைகள் உங்கள் விதிகளின்படியே வென்றார்கள், அதில் அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் அந்த மாணவியின் புள்ளித்தாளிலுள்ள "தலைப்புக்குப் புறம்பு" என்ற குறிப்பை நீக்கி, திருத்திய தாளை நடுவர்களின் கையொப்பத்தோடு அவரது பாடசாலைக்கு அனுப்புங்கள். இந்த மடலுக்கான பதிலையும் எனக்குத் தனியே தர வேண்டாம். போட்டியில் பங்குபற்றிய எல்லாப் பாடசாலைகளுக்கும் இறுதிச் சுற்றுக்கு ஒரு வாரம் முன்னதாகவாவது எழுத்தில் கிடைக்கச் செய்யுங்கள்.

இவ்வண்ணம்,
இளைப்பாறிய வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.